ரீப்பர் மென்பொருளில் கிரிட் கோடுகள்: வசதி ஏராளம், வழிதான் சுற்று

அடர் நிறத் தீமில் (திரையின் நிறத் தோற்றத்தில்) மணிக்கணக்காக ஒலித்துண்டுகளை வெட்டி ஒட்டுவோருக்கு, தாளத்தின் இடங்களைக் காட்டும் செங்குத்துக் கிரிட் கோடுகள் மங்கலாக இருப்பது சிறிய குறையன்று. 120 டெம்போவில், அதாவது நிமிடத்துக்கு 120 தாள அடிகள் வரும் வேகத்தில், ஓர் அடி அரை நொடி. அந்த அடியை நான்காகப் பிரிக்கும் 1/16 கோடுகளுக்கு இடையே 125 மில்லிநொடியே இருப்பதால், கோடு மாறி வெட்டினால் பிழை உடனே காதில் விழும். கோக்கோஸ் நிறுவனத்தின் ஒலிப்பதிவு, ஒலித்தொகுப்பு மென்பொருளான ரீப்பரை இந்த ஒரு கோணத்தில் மட்டும் மதிப்பிட்டால், அது தரும் கட்டுப்பாடு மிக விரிவானது என்றே சொல்ல வேண்டும்.

தீம் திருத்தும் சாளரத்தில் அளவின் (சில அடிகள் சேர்ந்த தாளச் சுற்றின்) தொடக்கம், அடியின் தொடக்கம், அடிகளுக்கு இடைப்பட்டவை என மூவகைக் கோடுகளுக்கும் தனித்தனி நிறம் கொடுக்கலாம். அந்த நிறம் பின்னணியோடு எந்த அளவு கலக்க வேண்டும் என்பதையும் குறிக்கலாம். இதன் அருமை பயன்படுத்தும்போதுதான் புரியும். கோடு தெரியவில்லை என்றவுடன் எல்லாவற்றையும் பளிச்சென்று ஆக்கத்தான் கை போகும். அப்படிச் செய்தால் திரை கம்பி வலை போலாகி, அலைவடிவமே மறைந்துவிடும். அளவுக் கோட்டை மட்டும் அழுத்தமாக்கி, அடிக் கோட்டை அதில் பாதி வலிமைக்குக் குறைத்து, உட்பிரிவுகளைப் பின்னணியை விடச் சற்றே மாறுபட்ட சாயலில் விட்டால், 7/8 போன்ற அளவுகளில்கூடக் கண் எண்ணாமலே இடத்தைக் கண்டுகொள்கிறது.

கோடுகள் ஒலித்துண்டுகளுக்கு மேலே வருவதா, அடியில் மறைவதா என்பதைத் தோற்ற அமைப்புகளில் தேர்ந்தெடுக்கலாம். நிறத்தைத் தொடுவதற்கு முன் இதைச் சரிபார்ப்பது நல்லது. கோடு துண்டுக்கு அடியில் இருக்கும்போது எந்த நிறமும் உதவாது. கோடுகளுக்கு இடையே இருக்க வேண்டிய குறைந்தபட்சப் பிக்சல் இடைவெளி, ஆல்ட் (Alt), எல் (L) விசைகளைச் சேர்த்து அழுத்தினால் வரும் ஸ்நாப் (துண்டைக் கோட்டோடு தானாகப் பொருத்தும் வசதி) அமைப்புச் சாளரத்தில் இருக்கிறது. பார்வையைச் சுருக்கும்போது நுண்கோடுகள் மறைவதற்குக் காரணம் இந்த எண்ணே. ஸ்நாப்பும் கண்ணுக்குத் தெரியும் கோடுகளையே பின்பற்றும்படி வைக்கும் தேர்வு அங்கேயே உண்டு. என் கணிப்பில், துல்லியமாக வெட்டுவோர் முதலில் இயக்க வேண்டியது அதுதான்.

குறை என்றால், ஒரே காரியத்துக்கான தேர்வுகள் மூன்று சாளரங்களில் சிதறிக் கிடப்பதுதான். தீம் சாளரத்தின் நீண்ட நிறப்பட்டியலில் உரிய வரியைத் தேடிப் பிடிக்கப் புதியவருக்குப் பொறுமை வேண்டும். இசைக் குறிப்புகளைத் திருத்தும் மிடி எடிட்டரின் கோடுகளுக்கு அங்கே வேறு பதிவுகள் இருப்பதால், முதன்மைச் சாளரத்தில் செய்த திருத்தம் அதற்குத் தானாகச் சென்று சேராது. வேலையை இரண்டு முறை செய்யத்தான் வேண்டும். திருத்தி முடித்த தீமை வேறு பெயரில் சேமித்துக்கொண்டால், மூலத் தீம் கெடாமல் இருக்கும்.