திருமலையிலிருந்து பறப்பவருக்கு டிக்கெட்: ஏஜென்சியா, செயலியா, மலிவுத் தளமா?

ஒரே விமானம், ஒரே நாள். திருமலை (திருகோணமலை) நகரத்து ஏஜென்சியில் ஒரு விலை, விமான நிறுவனத்தின் செயலியில் இன்னொரு விலை, வெளிநாட்டு மலிவுத் தளமொன்றில் மூன்றாவது விலை. பெரும்பாலும் அந்த வித்தியாசத்தை மட்டும் பார்த்துத்தான் வாங்குகிறோம். கட்டுநாயக்க விமான நிலையம் ஏறத்தாழ 250 கிலோமீற்றர் தள்ளியிருக்கும் ஊருக்கு அந்தக் கணக்குப் போதாது. விமான நேரம் மாறினால் யார் சொல்வார், அந்த டிக்கெட்டை மாற்ற யாருக்கு முடியும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விமான நிலையத்துக்குப் பக்கத்திலிருக்கும் நீர்கொழும்புக்காரர் வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் படுக்கலாம். வான் பிடித்து ஹபரணை தாண்டிவிட்ட மூதூர்க் குடும்பம் என்ன செய்யும்?

ஏஜென்சி

ஏஜென்சிக் கணினியில் பெரும்பாலும் ஓடுவது ஜிடிஎஸ், பல விமான நிறுவனங்களின் இருக்கைகளையும் கட்டணங்களையும் ஒரே திரையில் காட்டும் பதிவு வலையமைப்பு. அமேடியஸ், சேபர், ட்ராவல்போர்ட் ஆகிய மூன்றில் ஒன்று. விமான நிறுவனம் முன்கூட்டியே பதிந்து வைத்த கட்டணங்களைத்தான் இது காட்டும். ஒவ்வொரு கட்டணப் படிக்கும் ஓர் ஆங்கில எழுத்து என்பதால் மொத்தமே 26 படிகள்தான். ஒரு படியில் இருக்கை தீர்ந்தால் விலை அடுத்த படிக்குத் தாவும். காலையில் கேட்ட விலை பின்னேரம் கூடிவிடுவதற்குப் பல நேரம் இதுதான் காரணம், ஏஜென்ட் ஏமாற்றுவதில்லை.

முதலில் கிடைப்பது ஆறு எழுத்து, எண் கொண்ட பிஎன்ஆர் என்ற பதிவுக் குறியீடு. அது பதிவு மட்டுமே. பணம் கட்டி டிக்கெட் அடித்த பிறகுதான் 13 இலக்க டிக்கெட் எண் வரும். முதல் மூன்று இலக்கம் நிறுவனத்தைக் குறிக்கும்: ஸ்ரீலங்கன் 603, கத்தார் 157, எமிரேட்ஸ் 176. கையிலுள்ள தாளில் பிஎன்ஆர் மட்டும் இருந்து இந்த 13 இலக்கம் இல்லையென்றால் உங்களிடம் இன்னும் டிக்கெட் இல்லை. கெடு கடந்ததும் அந்தப் பதிவு தானாக இரத்தாகும்.

சிறு நகரத்து ஏஜென்சிகள் பலவற்றுக்கு ஐயாட்டா என்ற சர்வதேச விமான நிறுவனங்களின் சங்கத்தின் அங்கீகாரம் இருக்காது. கொழும்பிலுள்ள பெரிய முகவரிடமிருந்து வாங்கிக் கொடுப்பார்கள். அதில் தவறில்லை. ஆனால் நேரம் மாறினால் விமான நிறுவனத்தின் அறிவித்தல் டிக்கெட் அடித்த கொழும்பு முகவரின் ஜிடிஎஸ் வரிசையில்தான் போய் விழும். அவர் அதைத் திறந்து, புதிய நேரத்தை ஏற்று, டிக்கெட்டையும் அதற்கேற்பத் திருத்த வேண்டும். பதிவை மட்டும் மாற்றி டிக்கெட்டை விட்டுவிட்டால் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போய், செக்-இன் மேசையில் தடங்கல் வரும். மீளளிப்பும் அதே வழியில்தான் திரும்பும்: நிறுவனம், கொழும்பு முகவர், திருமலை ஏஜென்சி, பிறகுதான் நீங்கள்.

இன்னொரு குறை மிகச் சிறியது, ஆனால் அதனால் விளையும் கேடு பெரியது. பயணியின் கைத்தொலைபேசி எண்ணைப் பதிவில் சேர்ப்பதற்கென்று தனி இடமுண்டு. அவசரத்தில் ஏஜென்சியின் எண்ணையே போட்டுவிட்டால், இரவு 11 மணிக்கு வரும் அறிவித்தல் பூட்டிய கடைக்குத்தான் போகும். "என்னுடைய நம்பரைப் போட்டீங்களா அண்ணன்?" என்று பணம் கொடுக்கும்போதே கேளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும், முதன்முறை பறப்பவர், குழந்தையோடு போகும் குடும்பம், உம்ராவுக்குப் போகும் குழு ஆகியோருக்கு ஏஜென்சியைத்தான் பரிந்துரைப்போம். கடவுச்சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்து எழுத்துக்கு எழுத்து பெயர் அடிக்க ஒரு ஆள் இருப்பது பெரிய பலம். நம் கடவுச்சீட்டுகளில் தந்தை பெயர் எந்தக் கட்டத்தில் வருகிறது என்பதில் செயலியில் தடுமாறுபவர்கள் ஏராளம். பெயருக்குப் பின்னால் 'எம்ஆர்' ஒட்டி அச்சாவது பிழையல்ல, 'மிஸ்டர்' என்பதை அந்த முறை அப்படித்தான் சேர்த்து எழுதும்.

நிறுவனத்தின் செயலி

நேரம் மாறினால் செய்தி நேராக உங்களுக்கு வரும். மாற்று விமானத்தை வான் வண்டிக்குள் இருந்தபடியே தெரிவு செய்யலாம், மீளளிப்பும் பணம் செலுத்திய அட்டைக்கே திரும்பும். அடிக்கடி பறப்பவருக்கு இதைவிட நல்ல வழியில்லை. குறை இரண்டு: வங்கி அட்டை வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குத் திறந்திருக்க வேண்டும், பெயர்ப் பிழைக்கு நீங்களே பொறுப்பு. ஓரிரு எழுத்துத் திருத்தத்துக்குப் பல நிறுவனங்கள் இடம் கொடுக்கும், ஆளையே மாற்ற விடாது.

மலிவுத் தளங்கள்

இங்கேதான் கடுமையாக எச்சரிக்க வேண்டியிருக்கிறது. மிக மலிவாகத் தெரியும் சில பயணங்கள் உண்மையில் ஒரே டிக்கெட் அல்ல, தனித்தனியாக வாங்கி ஒட்டிய இரண்டு டிக்கெட்டுகள். முதல் விமானம் தாமதித்தால் இரண்டாவது நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து சென்னை, அங்கிருந்து வேறு டிக்கெட்டில் மேலே என்று திட்டமிடுபவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். சென்னையில் பொதியை எடுத்து மறுபடி போடுவதென்றால் குடிவரவைத் தாண்ட வேண்டும், அதற்கு இந்திய விசா வேண்டும். விசா இல்லாதவருக்கு அந்த மலிவு டிக்கெட்டால் பயனில்லை. "ஒரே பிஎன்ஆரா? பொதி கடைசி ஊர்வரை போகுமா?" என்ற இரண்டுக்கும் ஆம் என்று பதில் கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

என்டிசி வந்தபின் என்ன மாறுகிறது

ஜிடிஎஸ்ஸுக்குக் கட்டணம் கொடுத்துச் சலித்த விமான நிறுவனங்களுக்காக ஐயாட்டா 2012இல் தொடங்கிய, டிக்கெட் விற்பதற்கான புதிய தரநிலை என்டிசி. இதில் விலை முன்கூட்டிப் பதிந்த 26 படிகளுக்குள் அடங்க வேண்டியதில்லை. கேள்வி வந்த கணத்தில் நிறுவனத்தின் கணினியே விலை சொல்லும், பொதி, இருக்கை, உணவு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பொட்டலமாகவும் கொடுக்கும். லுஃப்தான்சா குழுமம் 2015 செப்டம்பரில் ஜிடிஎஸ் வழி டிக்கெட்டுக்கு 16 யூரோ மேலதிகமாக அறவிடத் தொடங்கியது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2023இல் தன் கட்டணங்களில் ஒரு பெரும் பகுதியைப் பழைய வழியிலிருந்து எடுத்துவிட்டது. நிறுவன வாடிக்கையாளர்களும் முகவர்களும் விலகத் தொடங்கியதும் 2024இல் பின்வாங்கியது. விற்பதைவிட, விற்றபின் மாற்றிக் கொடுப்பது கடினம் என்பதை முகவர்கள் அங்கே அனுபவத்தில் கண்டார்கள்.

திருமலை ஏஜென்சிக்கும் அதே சிக்கல்தான். என்டிசி வழி எடுத்த பதிவு பழைய ஜிடிஎஸ் திரையில் வழக்கம்போல வராது, எடுத்த அதே தளத்துக்குள் போய்த்தான் மாற்ற வேண்டும். இரண்டு நிறுவனங்களை இணைக்கும் பயணம், பெரிய குழு, கைக்குழந்தை சேர்ப்பது போன்றவற்றில் இன்னும் தடங்கல் வருகிறது. ஆகவே, இடையில் மாறத் தேவையில்லாத ஒரே நிறுவனத்தின் போய்வரும் பயணத்துக்கு என்டிசி விலை குறைவாக இருந்தால் தயங்காமல் எடுக்கலாம். திகதி உறுதியில்லாத பயணத்துக்கு ஜிடிஎஸ் டிக்கெட்டே பாதுகாப்பு.

பிஎன்ஆர், டிக்கெட் எண், மேலதிகப் பொதிக்கான தனி ஆவணம் எல்லாவற்றையும் ஒரே 'ஆர்டர்' ஆக்குவது அடுத்த படி. அது முழுமையாக வந்தால் பதிவும் டிக்கெட்டும் பொருந்தாமல் போகும் அந்தப் பழைய நோய் தீரும். தூரத்து ஊர்க்காரருக்கு விலைக் குறைப்பைவிட இதுதான் பெரிய வரவு என்பது எங்கள் கருத்து. உள்ளூர் விமானங்கள் இறங்கும் திருமலையின் சீனக்குடா விமான நிலையத்துக்கும் டிஆர்ஆர் என்ற ஐயாட்டா குறியீடு இருக்கிறது. உள்ளூர்ப் பறப்பும் வெளிநாட்டுப் பறப்பும் ஒரே ஆர்டரில் சேருமானால், சீனக்குடாவில் தாமதித்தாலும் கட்டுநாயக்கவில் தவறவிடும் விமானத்துக்குப் பொறுப்பேற்க ஒருவர் இருப்பார். தனித்தனி டிக்கெட்டில் அந்தப் பாதுகாப்பு இல்லை.

வேலைக்குப் போகிறவரின் டிக்கெட்

கிண்ணியாவிலிருந்து வளைகுடாவுக்குப் போகும் பலருக்கு இந்தத் தெரிவு எதுவும் இல்லை. முதலாளியின் பக்கத்து முகவர் எடுத்து, வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் அனுப்புவார். அதை நம்பி மட்டும் வண்டி ஏற வேண்டாம். நிறுவனத்தின் தளத்தில் பிஎன்ஆரையும் குடும்பப் பெயரையும் போட்டு, பதிவு உறுதியாக இருக்கிறதா, டிக்கெட் எண் காட்டுகிறதா என்று புறப்படும் அன்று மதியமும் ஒருமுறை பாருங்கள். அங்கேயே உங்கள் எண்ணையும் சேர்க்க முடிந்தால் சேர்த்துவிடுங்கள்.

எந்த வழியில் வாங்கினாலும் திகதியை வாய்விட்டு வாசியுங்கள். 15ஆம் திகதி அதிகாலை 2.30 விமானத்துக்கு 15ஆம் திகதி இரவு வந்து நிற்பவர்கள் உண்டு. மூன்று மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும், வழியில் ஆறு மணி நேரம், தேநீருக்கு நிறுத்த அரை மணி. திருமலையில் வான் புறப்பட வேண்டியது 14ஆம் திகதி மாலை 5 மணிக்கு.