பாட்டு வகுப்புக்கு ஆடாசிட்டி: எதற்கு ஆகும், எதற்கு ஆகாது

கர்நாடக சங்கீதம் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பு முடிந்ததும் அன்றைய பாடத்தின் ஒலிப்பதிவைப் பிள்ளைகளுக்கு அனுப்பிவிடுவது வழக்கம். என் போன் பதிவது எம்4ஏ என்ற கோப்பு வடிவம். பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் பாடி அனுப்புவது ஓபஸ் என்ற இன்னொரு வடிவம். பென் டிரைவில் போட்டுக் கேட்கிற பாட்டிகளுக்கு எம்பி3 தவிர எதுவும் ஆகாது. இவ்வளவையும் நான் சமாளிப்பது ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளை வைத்துத்தான். காசு கிடையாது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது சுருதி மாற்றும் வசதி. நான் பாடுவது ஐந்தரைக் கட்டை (கட்டை என்பது சுருதியின் உயரத்தைக் குறிக்கும் அளவு). ஆறரைக் கட்டையில் பாடும் சிறுமிக்கு என் பதிவை அப்படியே கொடுத்தால் கூடவே பாட வராது. பதிவு முழுவதையும் தேர்ந்தெடுத்து, எஃபெக்ட் மெனுவில் 'சேஞ்ச் பிட்ச்' திறந்து, செமிடோன் (அரைச்சுரம்) பெட்டியில் 2 என்று போட்டால் வேலை முடிந்தது. காலப்பிரமாணம், அதாவது பாட்டின் வேகம், மாறாது, தாளம் அப்படியே நிற்கும். அதற்கு மேல் ஏற்றினால் என் குரல் கார்ட்டூன் குரலாகிவிடும். பிள்ளைகள் சிரித்தே பாடத்தை மறந்துவிடுவார்கள்.

'சேஞ்ச் டெம்போ' இதற்கு நேர் எதிர்: சுருதி நிற்கும், வேகம் குறையும். அட தாள வர்ணத்தில் இரண்டாம் காலம் (இரட்டை வேகம்) பிடிபடாத பிள்ளைக்கு 20 சதவீதம் குறைத்துக் கொடுப்பேன். அதைவிடக் குறைத்தால் கமகம் (சுரத்தை அசைத்துப் பாடுவது) நடுங்கத் தொடங்கும். அந்தப் பெட்டியிலேயே 'ஹை குவாலிட்டி' என்று ஒரு டிக் இருக்கிறது. அதைப் போட்டால் நேரம் பிடிக்கும், ஆனால் காதுக்கு வித்தியாசம் தெரியும்.

மின்விசிறிச் சத்தத்தை எடுக்க 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' இருக்கிறது. முதலில் வெறும் இரைச்சல் மட்டும் உள்ள இரண்டு மூன்று விநாடியைக் காட்ட வேண்டும். பிறகு முழுப் பதிவிலும் அதைக் கழித்துவிடும். பாட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். மாதிரியாகக் காட்டும் துண்டில் தம்புரா ஒலித்துக்கொண்டிருந்தால், சீராக வரும் அந்த நாதத்தையும் இரைச்சல் என்றே எடுத்துக்கொள்ளும். ஆகவே பதிவுப் பொத்தானை அழுத்திச் சில விநாடி சும்மா இருந்துவிட்டு, அப்புறம் சுருதிப் பெட்டியைப் போடுங்கள். கழிக்கும் அளவை நாமே மாற்றிக்கொள்ளலாம். எனக்கு 6 டெசிபல் போதும். கொஞ்சம் விசிறிச் சத்தம் இருந்தால் குடி முழுகிப் போகாது.

நீண்ட வகுப்பைத் துண்டு போடுவதும் சுலபம். ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டே, புது உருப்படி (பாட்டு) தொடங்கும் இடத்தில் கன்ட்ரோலும் எம்மும் அழுத்தினால் லேபிள் விழும். ராகத்தின் பெயரைத் தமிழிலேயே தட்டலாம். எக்ஸ்போர்ட் செய்யும்போது 'மல்டிபிள்' வகையைத் தேர்ந்தெடுத்தால் லேபிளுக்கு ஒரு கோப்பாகத் தனித்தனியே வந்துவிடும்.

இனி குறைகள். விண்டோஸில் எம்4ஏ திறக்க எஃப்எஃப்எம்பெக் என்ற துணை மென்பொருளைத் தனியாக நிறுவ வேண்டும். புதிதாக வருபவர்கள் முதலில் திணறுவது இங்கேதான். 'சேவ்' கொடுத்தால் வருவது ஏயுபி3 என்ற வேலைக் கோப்பு, பாட்டு அல்ல. அதை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு 'திறக்கவில்லையே டீச்சர்' என்று கேட்ட பெற்றோர் உண்டு. அளவும் பெரிது: ஒரு மணி நேர ஸ்டீரியோ பதிவு 1 ஜிபியைத் தாண்டும். அப்புறம், எம்பி3-யைத் திறந்து வெட்டி மறுபடி எம்பி3 ஆக்கினால் ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் போகும். வெட்ட மட்டும் வேண்டுமானால் விண்டோஸில் எம்பி3டைரக்ட்கட் என்ற குட்டி மென்பொருள் போதும். அது மறுபடி சுருக்காமலே வெட்டும்.

வெறுமனே நாற்பது கோப்பை வடிவம் மாற்றுவதற்கு ஆடாசிட்டியைத் திறப்பது வீண் வேலை. மேக்ரோ (ஒரே வேலையைப் பல கோப்புக்குத் தானாகச் செய்யும் வசதி) வைத்துச் செய்யலாம்தான். ஆனால் ஃப்ரீஆக் என்ற இலவச மென்பொருளில் எல்லாக் கோப்பையும் இழுத்துப் போட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் தீர்ந்தது. இணையத்தில் 'இங்கே ஏற்றுங்கள், மாற்றித் தருகிறோம்' என்னும் விளம்பரக் காடுகளுக்குப் பிள்ளைகளின் குரலை நான் அனுப்புவதில்லை.

தனியுரிமை விஷயத்தில் ஆடாசிட்டியும் பேச்சு வாங்கியதுதான். 2021-இல் மியூஸ் குழுமத்தின் கைக்குப் போனபின் வந்த கொள்கையில், 13 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பயன்படுத்தக் கூடாது என்றிருந்தது. என் வகுப்பில் பாதிப் பேர் அந்த வயதுதான்! எதிர்ப்புக் கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டு, அந்த வரியை எடுத்துவிட்டார்கள்.

எக்ஸ்போர்ட் செய்யும்போது மோனோ, 128 கேபிபிஎஸ் வையுங்கள். நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி வரும். பாடம் கேட்க அது தாராளம். மூலப் பதிவை மட்டும் அழிக்காமல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த வருடம் வேறு கட்டையில் பாடும் பிள்ளை வரும்.