நாலு விரலா, ஒரு சாணா? வீட்டில் பாடிப் பதிய எந்த மைக்

எங்கள் வீடு திருச்சியில், பஸ் போகும் தெருவில், இரண்டாவது மாடி. பாடிப் பதிய எங்களுக்குக் கிடைத்த அறை பத்துக்குப் பத்து. மொசைக் தரை, வெறும் சுவர், மூலையில் ஒரு ஸ்டீல் பீரோ, தலைக்கு மேலே ஃபேன். பக்கத்து வீட்டுக் குக்கர் எத்தனை விசில் விட்டது என்று இங்கிருந்தே எண்ணலாம். இந்த அறையில் ஒரு மாதம் மூன்று விதமான கருவிகளை மாற்றி மாற்றி வைத்துப் பதிந்து பார்த்தோம். மைக், இன்டர்ஃபேஸ் (மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் சின்னப் பெட்டி), ஸ்டாண்ட், கேபிள் எல்லாம் சேர்த்து 20,000 ரூபாயை ஒட்டி முடிய வேண்டும் என்பது நாங்கள் போட்டுக்கொண்ட எல்லை.

பாடியவர்கள் இரண்டு பேர். அத்தைக்குக் கச்சேரிக் குரல். மந்திர ஸ்தாயியில் மெதுவாக ஆரம்பித்து மேல் ஸ்தாயிக்குப் போகும்போது கதவு அதிரும். அண்ணன் மகள் கல்லூரியில் படிக்கிறாள், கரோக்கி ட்ராக் வைத்து சினிமாப் பாட்டு பாடுவாள். காதருகே பேசுகிற மாதிரி மெல்லிய குரல், பாதி அழகு மூச்சில்தான் இருக்கிறது. இவர்கள் இரண்டு பேருக்கும் ஒரே மைக் பொருந்தும் என்று நினைத்துத்தான் தொடங்கினேன். பொருந்தவில்லை. காரணத்தைத் தேடிப் போனபோது கடைசியில் எல்லாமே ஒரு விஷயத்தில் வந்து நின்றது: வாய்க்கும் மைக்குக்கும் நடுவே எவ்வளவு தூரம் விட முடியும்?

போட்டியில் இருந்தவை இவை. ஆடியோ டெக்னிகா ஏடி2020 என்ற கண்டென்சர் மைக், மெல்லிய ஒலியையும் பிடிக்கும், ஆனால் மின்சாரம் கேட்கும் வகை. ஷூர் எஸ்எம்58 என்ற டைனமிக் மைக், மேடையில் பார்க்கும், மின்சாரம் கேட்காத வகை. இந்த இரண்டையும் ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ இன்டர்ஃபேஸில் சொருகினோம். மூன்றாவது, இன்டர்ஃபேஸே வேண்டாமல் நேராக லேப்டாப்பில் சொருகும் சாம்சன் க்யூ2யூ.

கண்டென்சர்: எல்லாம் கேட்கும் காது

ஏடி2020 அண்ணன் மகளுக்கு முதல் டேக்கிலேயே பிடித்துப்போனது. சரணம் தொடங்குமுன் அவள் எடுக்கும் மூச்சு, சொல்லின் கடைசியில் கரைந்து போகும் மெல்லெழுத்து, எல்லாம் அப்படியே இருந்தது. ஹெட்போனைப் போட்டுக் கேட்டுவிட்டு, "சித்தப்பா, இது நான்தானா?" என்றாள். 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை எடுக்கும் மைக் இது. சின்னக் குரலுக்கும் நிறைய மின்னழுத்தம் தருவதால் இன்டர்ஃபேஸில் கெயினை, அதாவது மைக்கின் ஒலியைத் தூக்கும் குமிழை, கொஞ்சம் திருப்பினாலே போதும். 48 வோல்ட் ஃபேன்டம் பவர், அதாவது இன்டர்ஃபேஸ் கேபிள் வழியே மைக்குக்கு அனுப்பும் மின்சாரம், வேண்டும். இன்றைக்கு வரும் இன்டர்ஃபேஸ்களில் பெரும்பாலும் அதற்கு ஒரு பட்டன் உண்டு.

ஆனால் அதே டேக்கில் தெருவில் போன ஆட்டோ, சமையலறைக் குழாய், பீரோ கதவின் மெல்லிய அதிர்வு எல்லாமும் இருந்தன. இவற்றைவிட மோசம் அறையின் எதிரொலி. நேரில் அது உறுத்தாது, நம் காது பழகிவிடும். பதிவில் கேட்டால் காலிக் குளியலறையில் நின்று பாடியது போல இருக்கும். பிறகு எந்த மென்பொருளாலும் இதைச் சுத்தமாக எடுக்க முடியாது.

அத்தை பாடியபோது வேறொரு சிக்கல். மந்திர ஸ்தாயியைக் கேட்டு நான் கெயின் வைத்தேன். மேல் ஷட்ஜத்தைப் பிடித்தபோது பதிவு கிழிந்தது. தப்பு மைக்குடையது அல்ல, அது 144 டெசிபல் வரை தாங்கும். நான் வைத்த அளவுதான் தப்பு. பாட்டிலேயே சத்தமான சங்கதியை முதலில் பாடச் சொல்லி, அது மென்பொருளின் அளவுகோலில் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாத மாதிரி கெயின் வைக்க வேண்டும். மெதுவான இடம் ரொம்பக் கீழே போய்விடுமே என்று பயப்பட வேண்டாம். 24 பிட்டில் (பிட் கூடினால் மெல்லிய ஒலியும் நுணுக்கமாகப் பதியும்) பதிந்தால் பிறகு தூக்கிக்கொள்ளலாம்.

கண்டென்சர் வாங்கும்போது பலர் 'செல்ஃப் நாய்ஸ்', அதாவது மைக் தானே உண்டாக்கும் இரைச்சலின் எண்ணைப் பார்த்துத் தடுமாறுகிறார்கள். ஏடி2020க்கு அது 20 டெசிபல், ரோட் என்டி1 ஐந்தாம் தலைமுறைக்கு 4 டெசிபல். காகிதத்தில் பெரிய வித்தியாசம்தான். ஆனால் நம் ஊர் வீடுகளில் ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தினால்கூட அறையின் சத்தம் இந்த இரண்டையும் மூழ்கடித்துவிடும். அந்த 16 டெசிபலுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதைவிட அதில் இரண்டு பஞ்சு மெத்தை வாங்கலாம். இதை மனதாரச் சொல்கிறேன்.

டைனமிக்: பாதி உண்மை ஒன்று

எஸ்எம்58 வந்த வருடம் 1966. இன்றும் கோயில் திருவிழா மேடையிலிருந்து பெரிய கச்சேரி வரை அதைப் பார்க்கலாம். 50 முதல் 15,000 ஹெர்ட்ஸ் வரைதான் எடுக்கும். அண்ணன் மகளின் மூச்சு இதில் மங்கியது உண்மை. ஆனால் அத்தையின் 'ஸ', 'ஷ' ஏடி2020இல் ஊசி மாதிரி குத்தியது, இதில் இதமாக விழுந்தது.

"டைனமிக் மைக் வெளிச்சத்தம் எடுக்காது" என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் நம்பினேன். சோதிக்க எளிய வழி உண்டு. இரண்டு மைக்கையும் வாயிலிருந்து ஒரே தூரத்தில் வைத்து, குரல் ஒரே அளவு கேட்கும்படி கெயினைச் சரிசெய்து பதிந்து பாருங்கள். ஃபேன் சத்தம் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கும், உச்ச ஒலிகள் மட்டும் கொஞ்சம் குறையும். டைனமிக்கின் உண்மையான லாபம் வேறு. உதட்டை அதன் கிட்டே கொண்டுபோய்ப் பாடலாம், அதற்காகவே செய்த மைக் அது.

நம் பழைய அளவில் கணக்குப் போட்டால் இது பளிச்சென்று புரியும். 12 விரல் ஒரு சாண். கண்டென்சருக்கு ஒரு சாண் தள்ளி நிற்போம், எஸ்எம்58க்கு நாலு விரல். தூரம் மூன்றில் ஒரு பங்கு ஆகும்போது குரல் 9 டெசிபலுக்கு மேல் கூடுகிறது. ஃபேனும் குக்கரும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. கெயினைக் குறைத்துக் குரலைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தால் அவையெல்லாம் அந்த 9 டெசிபல் கீழே இறங்கிவிடும். எங்கள் அறையில் ஆட்டோ கேட்காமல் போனது இதனால்தான்.

நெருக்கத்துக்கு விலை உண்டு. ஒன்று, அடிக்குரல் வீங்கும். கிட்டே போகப் போகக் கீழ் ஒலிகள் கனப்பது இந்த வகை மைக்குகளின் இயல்பு. மென்பொருளில் 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இரண்டாவதைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை, ஆனால் நம் சங்கீதம் பாடுகிறவர்களுக்கு இதுதான் பெரிய விஷயம். கமகம் பிடிக்கும்போது தலை ஆடும். பிருகா விழும்போது உடம்பே முன்னும் பின்னும் போகும். அத்தையை அசையாமல் பாடச் சொல்வது அவர் பாட்டைப் பிடுங்கிக்கொள்வது மாதிரி. நாலு விரல் தூரத்தில் நிற்கும்போது இரண்டு விரல் பின்னால் போனால் ஒலி மூன்றரை டெசிபல் இறங்கும், குரலின் கனமும் மாறும். ஒரு சாண் தள்ளி நிற்கும்போது அதே இரண்டு விரலுக்கு ஒன்றேகால் டெசிபல்தான் மாறும், கேட்பவர்களுக்குத் தெரியாது. ஆக, அறை மட்டும் நன்றாக இருந்தால் அத்தைக்குக் கண்டென்சர்தான் சரி. எங்கள் அறை அதற்கு விடவில்லை. கடைசியில் ஆறு விரல் என்று ஒரு சமரசம் கண்டோம். ஸ்டாண்டில் பாப் ஃபில்டரை (வாய்க்காற்று மைக்கில் மோதாமல் தடுக்கும் வலை) கட்டி, "அத்தை, இதுக்கு அந்தப் பக்கமே இருங்க" என்று ஓர் எல்லை வைத்தேன். பத்து நிமிடத்தில் பழகிவிட்டார்.

மூன்றாவது, கெயின். எஸ்எம்58 தரும் மின்னழுத்தம் ஏடி2020 தருவதில் ஏழில் ஒரு பங்குதான். அதாவது 18 டெசிபல் அளவுக்குக் கூடுதலாகத் தூக்க வேண்டும். நான்காம் தலைமுறை சோலோவில் 57 டெசிபல் கெயின் இருக்கிறது. அத்தைக்கு அது தாராளம். அண்ணன் மகளுக்குக் குமிழைக் கடைசிவரை திருப்ப வேண்டியிருந்தது, 'ஸ்ஸ்' என்ற இரைச்சலும் சேர்ந்து வந்தது. மெல்லிய குரலுக்கு டைனமிக் வேண்டாம் என்று நான் முடிவு செய்தது அன்றைக்குத்தான்.

யுஎஸ்பி: ஒரே கேபிளில் முடியும் வேலை

க்யூ2யூவும் டைனமிக்தான். அதில் லேப்டாப்புக்கு யுஎஸ்பி, இன்டர்ஃபேஸுக்கு எக்ஸ்எல்ஆர் என்று இரண்டு வாயும் உண்டு. இன்றைக்கு லேப்டாப்பில் சொருகிப் பாடலாம். அடுத்த வருடம் இன்டர்ஃபேஸ் வாங்கினால் அதே மைக்கை அதில் சொருகலாம், முதல் செலவு வீணாகாது. ஹெட்போன் சொருகும் இடம் மைக்கிலேயே இருப்பதால் தன் குரல் தாமதமில்லாமல் காதில் விழும். கரோக்கிக்கு இது ரொம்ப முக்கியம். லேப்டாப்புக்குள் போய்த் திரும்பி வரும் குரல் கொஞ்சம் பிந்தினால்கூடத் தாளம் தள்ளாடும். இதே காரணத்துக்காக ப்ளூடூத் ஹெட்போனைப் பாடும்போது தொடவே தொடாதீர்கள்.

யுஎஸ்பியின் குறை பிறகுதான் தெரியும். ஒரு லேப்டாப்பில் இரண்டு யுஎஸ்பி மைக்குகளை ஒன்றாக ஓட்டுவது தலைவலி. குரலோடு வீணையையோ மிருதங்கத்தையோ தனி ட்ராக்கில் எடுக்க நினைத்தால், முதலிலேயே இரண்டு மைக் வாய் உள்ள இன்டர்ஃபேஸுக்குப் போய்விடுவது நல்லது. பெஹ்ரிங்கர் யுஎம்சி202எச்டி அப்படிப்பட்டது, 24 பிட்டும் உண்டு. அதே நிறுவனத்தின் யுஎம்2 இன்னும் மலிவு, 16 பிட். அளவு பார்த்துப் பதிந்தால் ஒரு குரலுக்கு அதுவே போதும். விண்டோஸில் அதற்கு ஏசியோ4ஆல் என்ற இலவச டிரைவரைப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். ஸ்கார்லெட்டுக்கு அதன் சொந்த டிரைவரே இருக்கிறது. மென்பொருளுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். ஆடாசிட்டி இலவசம், ஆப்பிள் கருவி இருந்தால் கராஜ்பேண்ட் இலவசம்.

மைக், ஸ்டாண்ட், ஃபில்டர் எல்லாம் சேர்ந்து மிகக் குறைந்த விலைக்கு வரும் கண்டென்சர் செட்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் முதலில் வாங்கியது அப்படி ஒன்றைத்தான். லேப்டாப்பின் 3.5 மில்லிமீட்டர் துளையில் சொருகியதும் குரலைவிட இரைச்சல் பெரிதாக வந்தது. அந்தத் துளையிலிருந்து கிடைக்கும் சில வோல்ட்டில் அது திணறுகிறது. கையில் அவ்வளவு பணம்தான் என்றால், இருக்கிற போனையே ஸ்டாண்டில் வைத்து ஒரு சாண் தூரத்தில் பாடுங்கள். நிச்சயம் அதைவிட நன்றாக இருக்கும்.

சார்ஜரைச் சொருகினால் 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல் வருகிறதா? சுவிட்ச் போர்டில் எர்த் சரியில்லாத வீடுகளில் இது சகஜம். மைக்கைக் குறை சொல்லி மாற்றுவதற்கு முன் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஒரு டேக் எடுத்துப் பாருங்கள்.

மெத்தை எங்கே போக வேண்டும்

படங்களைப் பார்த்து நானும் மைக்குக்குப் பின்னால் ஸ்பாஞ்ச் ஒட்டினேன். பெரிதாக ஒன்றும் மாறவில்லை. இந்த மைக்குகள் மூன்றும் முன்பக்கம் கேட்பவை, பின்பக்கம் காது மந்தம். பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரில் பட்டுத் திரும்பும் ஒலிதான் மைக்கின் முகத்தில் நேராக விழுகிறது. ஆகவே இலவம்பஞ்சு மெத்தையைப் பாடுகிறவருக்குப் பின்னால் சாய்த்து நிறுத்தினோம். பக்கவாட்டில் கொடி கட்டி இரண்டு கனமான ஜமக்காளம், பீரோ மேல் ஒரு போர்வை. அன்று மாலை எடுத்த பதிவைப் பழையதோடு சேர்த்துக் கேட்டபோது வேறு வீட்டில் எடுத்தது போல இருந்தது. முட்டை அட்டையால் இது நடக்காது, அதில் கனமே இல்லை. மெத்தையும் அறையின் எதிரொலியைத்தான் அடக்கும், தெருச் சத்தத்தைத் தடுக்காது. அதற்கு நேரம் பார்ப்பது ஒன்றுதான் வழி.

ஃபேனை நிறுத்தவே முடியாத மே மாதத்தில் எஸ்எம்58ஐக் கீழேயிருந்து வாயை நோக்கி நிமிர்த்தி வைக்காதீர்கள், அது ஃபேனையே பார்த்துக்கொண்டிருக்கும். மேலேயிருந்து சரிவாக இறக்கி வையுங்கள். அதன் முதுகு ஃபேன் பக்கம் போகும், இரைச்சல் தெளிவாகக் குறையும்.

ஹெட்போன் காதை முழுக்க மூடும் வகையாக இருக்க வேண்டும். ஆடியோ டெக்னிகா எம்20எக்ஸ் போல ஒன்று போதும். தம்புரா ஆப்பைச் சத்தமாக வைத்துக்கொண்டு திறந்த ஹெட்போனில் பாடினால், ஸ்ருதி குரலோடு ஒட்டிப் பதிந்துவிடும், பிறகு சுத்தமாகப் பிரிப்பது கஷ்டம்.

இப்போது வீட்டில் இரண்டு மைக் இருக்கின்றன, இன்டர்ஃபேஸ் ஒன்று. எல்லை கொஞ்சம் தாண்டியதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு மைக்தான் முடியும் என்றால், கணீரென்ற குரலுக்கு எஸ்எம்58ஐயும், மெல்லிய குரலும் அமைதியான ஒரு மணி நேரமும் இருப்பவர்களுக்கு ஏடி2020ஐயும் சொல்வேன். பாட்டு தொடருமா என்றே தெரியாத பிள்ளைக்கு வாங்கித்தர க்யூ2யூ. அத்தை சாயங்காலத்தில் தெரு அலறினாலும் எஸ்எம்58இல் பாடிப் பதிந்துவிடுகிறார். அண்ணன் மகள் இரவு பதினொன்றரைக்கு மேல் ஃபேனை நிறுத்திவிட்டு, வேர்த்தபடியே ஏடி2020 முன்னால் ஒரு சாண் தள்ளி உட்காருகிறாள். பாடி முடித்ததும் ஈரம் ஏறாமல் இருக்க அதைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வைத்து மூடுவதும் அவள்தான்.