மேகப் படங்களுக்குப் போலரைசர் ஃபில்டர்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

சென்னையில் கடலுக்குச் சற்றுத் தொலைவிலுள்ள மொட்டைமாடியிலிருந்து மேகங்களைப் படமெடுக்க, 77 மி.மீ. சர்க்குலர் போலரைசர் ஃபில்டர் ஒன்றைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்திவருகிறேன். காற்று மூலக்கூறுகளால் சிதறிவரும் நீல வானத்தின் ஒளி தளவிளைவு பெற்றிருக்கிறது; அதாவது, அதன் அலைகள் பெருமளவு ஒரே தளத்தில் அதிர்கின்றன. மேகத்தின் ஒளியோ எண்ணற்ற நீர்த்துளிகளில் மீண்டும் மீண்டும் சிதறுவதால் அத்தன்மையைப் பெரும்பாலும் இழந்துவிடுகிறது. ஆகவே ஃபில்டரின் வளையத்தைச் சுழற்றி அந்தத் தளத்தில் அதிரும் ஒளியைத் தடுக்கும்போது நீலம் அடர்ந்து, திரள் மேகங்களின் விளிம்புகள் துலக்கமாகின்றன.

இந்தப் பயன் சூரியனிலிருந்து 90 டிகிரி விலகிய பகுதியில்தான் உச்சத்தை அடைகிறது. காலையிலும் மாலையிலும் வடக்கும் தெற்கும் நன்கு அமையும். சூரியனுக்கு நேரெதிர்த் திசையில் ஃபில்டர் இருப்பதே தெரியாது. மிக அகன்ற லென்ஸில் வானத்தின் குறுக்கே கரும்பட்டை விழுவதால், நான் 35 மி.மீ. குவியத் தொலைவுக்குக் கீழே போவதில்லை. கோடையின் தூசி மங்கலில் பலன் குறைவு. வடகிழக்குப் பருவமழை சற்றே ஓய்ந்து வானம் தெளியும் நாள்களில்தான் இதற்குக் கொடுத்த பணம் நியாயமாகிறது.

வானவில்லில்தான் இக்கருவியின் இயல்பு முழுமையாகப் புலப்படுகிறது. துளிகளுக்குள் பிரதிபலித்து வரும் அந்த ஒளி, வில்லின் வளைவை ஒட்டிய திசையில் மிக வலுவாகத் தளவிளைவுற்றிருப்பதால், உச்சிக்கு ஏற்றவாறு வளையத்தைத் திருப்பினால் தரையைத் தொடும் கால்கள் மங்குகின்றன. கால்களுக்கு ஏற்றவாறு திருப்பினால் உச்சி காணாமற்போகிறது. ஆகவே வில்லின் ஒரு துண்டை மட்டும் நெருக்கமாக எடுப்பவருக்கு இது வரம். முழு வில்லையும் எடுக்க விரும்புபவர் கழற்றிவிடுவதே மேல்.

செவ்வானத்துக்கும் நான் இதைப் பரிந்துரைக்கமாட்டேன். மேற்கு நோக்கி எடுக்கும்போது பலன் சொற்பம். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்பது ஒளி பாதியாவது) ஒளி இழப்பதோடு, கூடுதல் கண்ணாடிப் பரப்புகள் சூரியனின் போலிப் பிம்பங்களையும் உண்டாக்குகின்றன. கீற்று மேகங்களின் பனிப்படிகங்களால் சூரியனைச் சுற்றி 22 டிகிரி ஆரத்தில் தோன்றும் ஒளிவட்டத்தையும், வெறும் லென்ஸில், சூரியனைத் தண்ணீர்த் தொட்டியின் பின்னால் மறைத்துத்தான் எடுக்கிறேன்.

உப்புக்காற்றில் சுழல்வளையம் மெல்ல இறுகத் தொடங்கியது. இப்போது வெளியே எடுத்த அன்றே ஈரத்துணியால் துடைத்து, நன்கு உலரவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடிய டப்பாவில் வைத்துவிடுகிறேன்.