மூட்டை என்றால் எத்தனை கிலோ? தரவிறக்கமா, களமா

ஆப்பிரிக்காவின் வளர்ச்சிச் சிக்கல்களில் முனைவர் பட்ட ஆய்வு தொடங்குகிறவர்கள் முதல் வருடத்திலேயே ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. யாரோ எடுத்து வைத்த குடும்பக் கணக்கெடுப்பைத் தரவிறக்கி, உட்கார்ந்த இடத்திலேயே அலசுவதா? இல்லை, ஊருக்குப் போய் நாமே கேட்டு எழுதுவதா? நான் இரண்டையும் செய்து பார்த்தவன். தான்சானியாவின் தேசியக் கணக்கெடுப்போடு ஒன்றரை வருடம் குடித்தனம் நடத்தினேன். பிறகு அதை ஓரமாக வைத்துவிட்டு, தெற்கு மலைப்பகுதியில் ன்ஜோம்பே பக்கம் ஆறு கிராமங்களில் உருளைக்கிழங்கு விளைச்சலையும் விலையையும் கேட்டு 240 வீடுகள் ஏறி இறங்கினேன். என் சாய்வு களத்தின் பக்கம்தான்; ஒளிக்கவில்லை.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தரவிறக்கம் இலவசம், களத்துக்குப் பணம் வேண்டும். தேசியக் கணக்கெடுப்பின் வீச்சு தனி ஆளுக்கு எட்டாது: உலக வங்கியின் துணையோடு 2008-09இல் தான்சானியா தொடங்கிய முதல் சுற்றிலேயே 3,265 குடும்பங்கள், அடுத்த சுற்றுகளிலும் அதே குடும்பங்களைத் தேடிப் போய்க் கேட்டார்கள். நிலத்தை ஜி.பி.எஸ். கருவியோடு சுற்றி நடந்தும் அளந்தார்கள். உகாண்டாவில் அப்படி அளந்தபோதுதான், சிறு நிலத்துக்காரர்கள் தங்கள் நிலத்தைக் கூட்டிச் சொல்வதும் பெரிய நிலத்துக்காரர்கள் குறைத்துச் சொல்வதும் பிடிபட்டன. என் 240 வீடுகளை வைத்து அப்படியொன்றை நான் கண்டுபிடித்திருக்க முடியாது.

களத்தின் தொல்லைகளும் கொஞ்சமல்ல. அறிவியல் தொழில்நுட்ப ஆணையத்தின் ஆய்வு அனுமதி, அதன்பின் குடியிருப்பு அனுமதி, பிறகு மண்டலம், மாவட்டம், வட்டாரம், கிராமம் என்று படிப்படியாகக் கடிதங்கள். ஒவ்வொரு அலுவலகத்திலும் வருகையாளர் புத்தகத்தில் பெயரும் ஊரும் வந்த காரணமும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ‘உருளைக்கிழங்கு’ என்று காரணம் எழுதிய வெளிநாட்டுக்காரன் அந்தப் புத்தகங்களில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சட்டத்திலும் ஒரு கண் வேண்டும். அரசு வெளியிட்ட புள்ளிவிவரத்தைப் பொய்யாக்கும் எண்களை வெளியிடுவது குற்றம் என்று தான்சானியா 2018இல் சட்டத்தைத் திருத்தியது. எதிர்ப்பு எழுந்து 2019இல் அதைத் தளர்த்தினார்கள்.

இவ்வளவையும் தாண்டி நான் களத்தின் பக்கம் நிற்பதற்குக் காரணம் ஒன்றே ஒன்று: திரும்பக் கேட்க முடிகிறது.

தரவுக் கோப்பில் விளைச்சல் கிலோவில் இருக்கும். 400, 500, 600 என்று முழு நூறுகள் குவிந்து கிடக்கும். உழவர் யாரும் கிலோவில் பேசுவதில்லை. ‘குனியா’ என்பார், அதாவது மூட்டை. வழியில் யாரோ அதை நூறால் பெருக்கியிருக்கிறார்கள் என்பது என் ஊகம். அந்த எண்களை வைத்துத்தான் ஓர் அத்தியாயமே எழுதினேன். தார்ச்சாலையோரத்து உழவருக்கும் உள்ளே இருக்கும் உழவருக்கும் கிடைக்கும் விலையில் பெரிய வித்தியாசமில்லை, ஆகவே சாலையால் உழவருக்கு வருமானம் கூடுவதாகத் தெரியவில்லை என்று. நெறியாளருக்கும் அது பிடித்திருந்தது.

களத்துக்குப் போன இரண்டாவது வாரம், வயதான அம்மா ஒருவரிடம் கேட்டேன். (அங்கே அம்மாவை ‘மாமா’ என்றுதான் அழைக்க வேண்டும். நாக்குக்குப் பழக்கமான சொல், ஆனால் எனக்குப் பழகச் சில நாள் ஆயிற்று.) “மாமா, ஒரு மூட்டை என்ன விலைக்குக் கொடுத்தீர்கள்?” அவர் பதில் சொல்லவில்லை. “எந்த மூட்டை?” என்று திருப்பிக் கேட்டார். பிறகு கொல்லைப்புறம் அழைத்துப் போனார். அங்கே நின்ற மூட்டைக்கு வாயே தைக்கவில்லை. வாய்க்கு மேல் இன்னொரு அரைச் சாக்கை வைத்து, கயிற்றால் வலைபோலப் பின்னி, திமில்போல எழுப்பியிருந்தார்கள். அதன் பெயர் லும்பேசா. மூட்டை 100 கிலோவைத் தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆனாலும் சாலையில்லாத ஊருக்கு வியாபாரி லாரி கொண்டுவந்தால் அவர் கேட்கும் அளவுக்கு மூட்டையைக் கட்டிக் கொடுக்க வேண்டியதுதான். படியைத் தலைதட்டி அளப்பதற்கும் குவித்து அளப்பதற்கும் உள்ள வித்தியாசம் தெரிந்த வீட்டில் வளர்ந்தவன் நான். எனக்கு இது முன்பே உறைத்திருக்க வேண்டும்.

அந்த ஊரில் விலை குறையவில்லை; மூட்டை வளர்ந்திருந்தது. சாலைக்கு உண்மையிலேயே பலன் இருந்தது, அது மூட்டையின் திமிலுக்குள் ஒளிந்திருந்தது. அத்தியாயத்தைத் தூக்கி எறிந்தேன்.

நேரக் கணக்கும் இப்படித்தான். ஸ்வாஹிலியில் நாளின் மணிக்கணக்கு விடியலில் தொடங்குகிறது. ‘சா ததூ’ என்றால் சொல்லளவில் மூன்று மணி. நம் கடிகாரத்தில் காலை ஒன்பது. உதயாதி நாழிகை பார்த்த நமக்கு இது புதிதல்ல. ஆனால் கணக்கெடுக்கும் பையன் ஒரு படிவத்தில் 3 என்றும் இன்னொன்றில் 9 என்றும் எழுதினான். அன்று மாலையே உட்கார்ந்து சரிசெய்தோம். கோப்பாக வந்திருந்தால், விடியுமுன் மூன்று மணிக்கே வயலுக்குப் போகும் உழைப்பாளிப் பெண்களைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருப்பேன்.

இந்தக் குறை கணக்கெடுப்பு நடத்துகிறவர்களுக்குத் தெரியாததல்ல. மலாவியில் கூடை, வாளி, குவியல் ஆகியவற்றின் படங்களைக் காட்டிக் கேட்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அங்கே ஆய்வு செய்பவருக்கு என் வாதம் இவ்வளவு பொருந்தாமல் போகலாம். நான் கண்டது ஒரே நாட்டின் ஒரு மூலை, ஒன்றரைச் சாகுபடிப் பருவம். மேற்கு ஆப்பிரிக்கா பற்றி வாய் திறக்க எனக்குத் தகுதியில்லை. குழந்தை இறப்பு, தடுப்பூசி, ஊட்டச்சத்து போன்றவற்றில் நாடு தழுவிய போக்கைப் பார்க்க வேண்டுமென்றால் ஆறு கிராமங்களால் எதுவும் ஆகாது. பெரிய கணக்கெடுப்புதான் வழி.

அந்த வழியும் அடைபடக்கூடும். 1984 முதல் அமெரிக்க உதவியில் நடந்துவந்த மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்புத் திட்டம் 2025 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. அடுத்த சுற்றுக்காகக் காத்திருந்த மாணவர்கள் நட்டாற்றில் நின்றார்கள். சொந்தத் தரவை வாஷிங்டனிலிருந்து யாரும் நிறுத்த முடியாது என்று அப்போது மனதுக்குள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

பணமோ அனுமதியோ கிடைக்காமல் தரவிறக்கத்தோடுதான் போக வேண்டும் என்றால், மூன்று வாரமாவது அந்த ஊர்ப் பக்கம் போய்வாருங்கள். கையில் ஒரு தொங்கு தராசு இருக்கட்டும். 200 கிலோ வரை காட்டுவதாகப் பார்த்து வாங்குங்கள். என்னுடையது 100 கிலோ தராசு; அந்த அம்மாவின் கொல்லையில் முதல் மூட்டையைத் தொங்கவிட்டபோதே முள் ஓரத்தில் முட்டி நின்றுவிட்டது.