காவடி நாளில் டீஃபிராக்: ஒரு பில்லிங் சர்வரோடு என் அனுபவம்

மொரீஷியஸின் போர்ட் லூயிஸில் ஒரு மொத்த வியாபாரக் கடையின் பில்லிங் சர்வரை 2014இலிருந்து நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எஸ்க்யூஎல் சர்வர் 2012 என்ற டேட்டாபேஸ் மென்பொருள், சாதாரண சுழலும் ஹார்ட் டிஸ்க், அதில் 38 ஜிபிக்கு ஒரே டேட்டா ஃபைல். இரண்டாவது வருடமே மாதக் கடைசி ஸ்டாக் ரிப்போர்ட்டைத் தட்டிவிட்டு, மார்க்கெட் வரை நடந்துபோய் ஒரு அலூடா (பால் பானம்) குடித்துவிட்டுத் திரும்பலாம் என்ற நிலை.

"தம்பி, மிஷினுக்கு வயசாயிடுச்சா?" என்றார் முதலாளி.

"இருங்க ஐயா, பார்க்கிறேன்."

ஒரு ஃபைல் டிஸ்க்கில் எத்தனை துண்டாகச் சிதறிக் கிடக்கிறது என்று காட்டும் சிஸ்இன்டர்னல்ஸின் கான்டிக் டூலை ஓட்டிப் பார்த்தால் அந்த ஒரு ஃபைல் மட்டும் பதினாலாயிரத்துச் சொச்சம் துண்டு! எஸ்க்யூஎல் சர்வரின் 2016 பதிப்புக்கு முன்பு வரை டேட்டா ஃபைல் நிரம்பும்போதெல்லாம் 1 எம்பி மட்டுமே வளரும், அதுதான் டிஃபால்ட் (2016இல் 64 எம்பி ஆக்கினார்கள்). பேக்கப்பும் ஸ்கேன் செய்த இன்வாய்ஸும் அதே டிஸ்க்கில் வந்து விழ, ஒவ்வொரு எம்பியும் கிடைத்த சந்தில் போய் உட்கார்ந்திருந்தது.

அப்புறம் ஒரு முட்டாள்தனம் செய்தேன். கடை நேரத்திலேயே டீஃபிராக் (சிதறிய துண்டுகளை ஒன்றாகச் சேர்ப்பது) போட்டேன். திறந்திருக்கும் ஃபைலையும் விண்டோஸ் பத்திரமாக நகர்த்தும், டேட்டா கெடாது, அதெல்லாம் சரிதான், ஆனால் டிஸ்க்கைப் படித்து எழுதும் ஹெட் ஒரே நேரத்தில் இரண்டு எஜமானுக்கு ஓட முடியாதே. கவுன்டரில் வரிசை வாசல் வரை நீண்டது. பத்து நிமிடத்தில் நிறுத்திவிட்டேன்.

தைப்பூசக் காவடிக்கு இங்கே அரசு விடுமுறை, கடை பூட்டு. அந்த வருடம் கோயிலிலிருந்து வந்து, மத்தியானமாகக் கடையைத் திறந்தேன். முதல் நாள் ராத்திரியே பேக்கப் எடுத்து வேறொரு மிஷினில் ரீஸ்டோர் செய்து பார்த்திருந்தேன், அது இல்லாமல் தொட்டிருக்கவே மாட்டேன், புயல் சீசனில் கரண்ட் எப்போது போகும் என்று யார் கண்டது. சர்வீஸை நிறுத்தி, ஃபைலை வெளி டிஸ்க்குக்கு மாற்றி, சர்வர் டிஸ்க்கைக் காலி செய்து, திரும்பக் கொண்டுவந்து வைத்தேன். மூன்றே துண்டு.

ஆனால் 11 நிமிட ரிப்போர்ட் 7 நிமிடத்துக்குத்தான் இறங்கியது. மிச்சம் ஃபைலுக்கு உள்ளே இருந்தது. டேட்டா இருக்கும் 8 கேபி பேஜ்கள் இன்டெக்ஸ் (தேடுவதற்கான அட்டவணை) வரிசையில் இல்லாமல் சிதறிக் கிடந்தன, அதை எந்த டிஸ்க் டீஃபிராகும் சரிசெய்யாது, இன்டெக்ஸை மறுபடி கட்டும் ரீபில்ட்தான் வழி. சிதற வைத்தவன் யார்? நானேதான்: இடம் மிச்சமாகட்டும் என்று மாதாமாதம் ஃபைலைச் சுருக்கும் ஷ்ரிங்க் போட்டு வைத்திருந்தேன். அது கடைசிப் பேஜ்களைத் தூக்கி முன்னால் இருக்கும் காலி இடத்தில் திணிக்கும், மறுவாரமே ஃபைல் 1 எம்பி, 1 எம்பியாக மறுபடி வளரும். ஷ்ரிங்க்கை எடுத்தேன், இன்டெக்ஸை ரீபில்ட் செய்தேன், ஃபைல் ஒவ்வொரு முறையும் வளரும் அளவை 1 ஜிபி ஆக்கினேன். ரிப்போர்ட் ஒன்றரை நிமிடம்.

2019இல் எஸ்எஸ்டி மாற்றினோம். அதில் தேடி ஓட ஹெட்டே இல்லை, டீஃபிராக் போட்டால் தேய்மானம்தான் மிச்சம், அதனால் போடுவதில்லை. பழக்கதோஷத்தில் போன வாரம் கான்டிக்கில் பார்த்தேன், 9 துண்டு. கிடக்கட்டும்.