பித்தளையா, வெண்கலமா? அக்கூஸ்டிக் கிட்டாருக்கு ஏற்ற கம்பி

அக்கூஸ்டிக் கிட்டாருக்குக் கம்பி கேட்டால், கடைக்காரர் ‘80/20 பிரான்ஸ்’, ‘பாஸ்பர் பிரான்ஸ்’, ‘கோட்டட்’ என்று மூன்று வகைகளை எடுத்து வைப்பார். ‘பிரான்ஸ்’ என்றால் வெண்கலம். அப்படிப் பார்த்தால் முதல் வகையின் பெயரே பிழையானது. 80 பங்கு செம்பும் 20 பங்கு துத்தநாகமும் கலந்தால் கிடைப்பது பித்தளை. செம்போடு வெள்ளீயம் சேர்ந்தால்தான் வெண்கலம். ஏறத்தாழ 92 பங்கு செம்பும் 8 பங்கு வெள்ளீயமும் சிறிதளவு பாஸ்பரஸும் கொண்ட பாஸ்பர் பிரான்ஸே அந்தப் பெயருக்கு உரியது. டாடாரியோ நிறுவனம் அதை 1974-இல் கிட்டாருக்குக் கொண்டுவந்தது.

இந்த உலோக வேறுபாடு ஆறில் நான்கு கம்பிகளில்தான் உண்டு. மெல்லியவையான முதல் இரண்டும் வெறும் எஃகுக் கம்பிகள்தான். மூன்று முதல் ஆறு வரையுள்ள கம்பிகளில், எஃகு நடுக்கம்பியின் மேல் நெருக்கமாகச் சுற்றிய இழையே பித்தளையாகவோ வெண்கலமாகவோ இருக்கும். எனவே, மெல்லிய கம்பிகளில் மட்டும் மெட்டு வாசிப்பவருக்கு இந்த வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது. பல சுரங்கள் சேர்ந்த முழு கார்டுகளை ஸ்ட்ரம் செய்பவருக்கு, அதாவது கம்பிகளை ஒருசேர மீட்டுபவருக்கு, உடனே தெரியும்.

புதிதாகப் பூட்டிய 80/20 பளிச்சென்று கூர்மையாக ஒலிக்கும் என்பதால், இயல்பிலேயே மந்தமாக ஒலிக்கும் கிட்டாருக்கு அது உயிர் கொடுக்கும். ஆனால் அந்தப் பளிச்சிடல் நீடிக்காது. எனக்கு உள்ளங்கை வியர்க்கும். சென்னையின் மே மாதப் புழுக்கத்தில் நான் பூட்டிய 80/20 செட்டில், இரண்டே வாரத்தில் இரண்டாம் ஃப்ரெட்டுக்கு (கழுத்தில் பதித்த உலோகக் குறுக்குப் பட்டைக்கு) அருகே கம்பி கறுத்து, துடைத்த வெள்ளைத் துணியில் பச்சை கலந்த அழுக்கு ஒட்டியது. பாஸ்பர் பிரான்ஸ் சற்றுத் தணிந்த, கனமான நாதம் தருவதோடு, வியர்வையையும் கூடுதலாகத் தாங்கும். ஒன்றைத்தான் சொல்ல வேண்டுமென்றால் இதையே சொல்வேன்.

கோட்டட் வகையில், கம்பியின் மேல் மெல்லிய பாலிமர் பூச்சு இருக்கும். விலை கூடுதல், விரல் வழுக்குவது போன்ற உணர்வு சிலருக்குப் பிடிப்பதில்லை. இருந்தாலும் கடலோர ஊரில், மாதத்துக்கொரு செட் மாற்ற நேர்பவருக்குக் கணக்குப் பார்த்தால் இதுவே மலிவு. மீட்டும் வில்லையான பிக் உராயும் இடத்தில் பூச்சு பிரிந்து பஞ்சிழை போல நிற்கத் தொடங்கினால், மாற்றும் நேரம் வந்துவிட்டது.

தடிமனைப் பொறுத்தவரை, முதல் கம்பி 0.010 அங்குலம் உள்ள செட் கற்றுக்கொள்பவரின் விரலுக்கு இதம், 0.012 செட்டில் நாதம் நிறைவாக இருக்கும், அழுத்தத்தான் பலம் வேண்டும்.

இவ்வளவும் எஃகுக் கம்பிக் கிட்டாருக்கே பொருந்தும். நாம் யாழின் தந்தியை நரம்பு என்றதுபோல், கிளாசிக்கல் கிட்டாரிலும் 1940-கள் வரை மெல்லிய கம்பிகளாக விலங்குக் குடலில் திரித்த நரம்பே இருந்தது. பிறகு நைலான் வந்தது. 0.012 எஃகு செட்டின் மொத்த இழுவிசை 70 கிலோவைத் தாண்டும். நைலானுக்கு அதில் ஏறத்தாழ பாதிதான். விலை குறைவு என்று கிளாசிக்கல் கிட்டாரில் எஃகைப் பூட்டினால், கம்பிகளைப் பிடித்தபடி மேற்பலகையில் ஒட்டியிருக்கும் பிரிட்ஜ் நாளடைவில் பெயர்ந்து மேலே எழும்பிவிடும்.